அண்மையில் முடித்த வீடியோ கேம்கள்: கடைசிக் காட்சி வரை சென்றவர்கள் எழுதுங்கள்

கடல்நாரை

பாதியில் விட்ட விளையாட்டுகளைப் பற்றி நம் எல்லோராலும் மணிக்கணக்கில் பேச முடியும். இங்கே கடைசிக் காட்சி வரை சென்று முடித்தவற்றைப் பற்றி மட்டும் எழுதலாம் என்று நினைக்கிறேன். என்ன பிடித்தது, என்ன பிடிக்கவில்லை என்பதோடு, எந்த உதவியும் இல்லாமல் முடித்தீர்களா, யூடியூபில் வழிகாட்டி பார்த்தீர்களா, கடினத்தைக் குறைத்துக்கொண்டீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அப்படிப் பெற்ற உதவி, முடிவு நம்மிடம் உண்டாக்கும் பாதிப்பை எவ்வளவு மாற்றுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆவல். கதையின் முக்கியத் திருப்பத்தைச் சொல்வதானால் பதிவின் தொடக்கத்திலேயே எச்சரித்துவிடுங்கள்.

நான் முடித்தது ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’. ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ விளையாட்டைத் தந்த லூகாஸ் போப் ஏறத்தாழத் தனியாளாக உருவாக்கி 2018இல் வெளியிட்டது. 1803இல் காணாமல் போன கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஒன்று 1807இல் உயிருள்ள ஒரு மனிதர்கூட இல்லாமல் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்தில் வந்து நிற்கிறது. காப்பீட்டுக் கணக்கை முடிப்பதற்காகக் கம்பெனி அனுப்பும் ஆய்வாளர்தான் நாம். கப்பலில் இருந்த 60 பேரில் ஒவ்வொருவரும் யார், அவருக்கு என்ன நேர்ந்தது, கொல்லப்பட்டிருந்தால் கொன்றவர் யார் என்பதை ஒரு புத்தகத்தில் நிரப்ப வேண்டும். நம் கையில் இருப்பது ஒரு விந்தையான கடிகாரம். எலும்புக்கூட்டின் அருகே அதைத் திறந்தால், அந்த மனிதர் இறப்பதற்குச் சற்று முன் நடந்த பேச்சு இருட்டில் கேட்கும்; பிறகு அவர் இறந்த நொடி அப்படியே உறைந்து நிற்க, அதற்குள் நாம் நடந்து திரிந்து ஒவ்வொரு முகத்தையும் பார்க்கலாம்.

யாரும் யாரையும் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே இருப்பதில்லை என்பதால், பேச்சின் உச்சரிப்பு, உடை, நிற்கும் இடம், யாருடன் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்பவற்றிலிருந்துதான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. மாலுமிகள் உறங்கும் தளத்தில் தொங்கும் துணிப் படுக்கைகளில் எண்கள் இருக்கின்றன. அவை பணியாளர் பட்டியலின் வரிசை எண்கள். படுத்திருப்பவரின் முகம் தெரியாது, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால் மட்டும் தெரியும். அந்தக் காலில் உள்ள காலணியை மனத்தில் வைத்துக்கொண்டு, வேறொரு நாளில், வேறொருவர் இறந்த நொடியில், பாய்மரக் கயிற்றில் ஏறிக்கொண்டிருக்கும் ஒருவனின் காலைப் பார்த்து, இவன்தான் அவன் என்று உறுதி செய்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். அந்தக் காலணியைப் பார் என்று விளையாட்டு எங்கேயும் சொல்லவில்லை. மூன்று பேரின் விவரம் முழுவதும் சரியாக அமைந்தால்தான் அவற்றை அச்செழுத்தாக மாற்றி உறுதி செய்கிறது என்பதால், வாய்க்கு வந்த பெயரைப் போட்டுப் பார்த்துத் தப்பிக்கவும் வழியில்லை.

படங்கள் முழுவதும் இரண்டே நிறங்களில் உள்ளன. பழைய மேக்கின்டாஷ் திரையின் தோற்றம். சாயல்களைப் புள்ளிகளால் காட்டும் இந்த முறையில், நாம் தலையைத் திருப்பும்போது புள்ளிகள் கொதிப்பதுபோல் நெளிந்து கண்ணை உறுத்தும் என்பதால், அந்தப் புள்ளிகள் காட்சியோடு ஒட்டியே நகரும்படி செய்யப் போப் நெடுங்காலம் உழைத்திருக்கிறார். விளையாடும்போது அது நமக்குத் தெரிவதில்லை. அதுவே அந்த உழைப்பின் வெற்றி.

பணியாளர் பட்டியலில் இந்தியா என்று நாடு குறிக்கப்பட்ட பெயர்களும் உண்டு. கம்பெனிக் கப்பல்களில் நம் பக்கத்து மாலுமிகள் ‘லஸ்கர்’ என்ற பெயரில் வேலை பார்த்தது வரலாறு. இங்கே அவர்களில் இருவர் எந்தச் சண்டையிலும் இல்லாமல் நோயில் இறக்கிறார்கள். எல்லாவற்றையும் முடித்த பிறகு, இறந்தவர் ஒவ்வொருவரின் வாரிசுக்கும் எவ்வளவு இழப்பீடு, யாருக்கு எவ்வளவு அபராதம் என்று கம்பெனியின் கணக்கு ஒன்று வருகிறது. கடல் அரக்கனையும் கலகத்தையும் பார்த்து வந்த எனக்கு அந்தக் கணக்குத் தாள்தான் விளையாட்டிலேயே கொடுமையான பகுதியாக இருந்தது.

குறையும் உண்டு. ஒரு நினைவுக்குள் முதன்முறை நுழையும்போது இசை முடியும் வரை புத்தகத்தில் எதையும் நிரப்ப முடியாது. பழைய நினைவு ஒன்றை மறுபடி பார்க்க அந்த உடல் கிடக்கும் இடத்துக்கே நடந்து போக வேண்டும். பிற்பகுதியில் இது அலுப்பூட்டுகிறது. வழிகாட்டி எதையும் நான் பார்க்கவில்லை. இந்த விளையாட்டில் நாம் செய்யும் ஒரே வேலை கண்டுபிடிப்பதுதான் என்பதால், அதை வேறொருவர் செய்து கொடுத்துவிட்டால் மீதி எதுவும் இல்லை.

வெள்ளிமூலை

கடல்நாரை சொல்லும் கடைசிக் கருத்தை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். நான் அண்மையில் முடித்த ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ அதற்கு இன்னும் வலுவான சான்று. முடிவைச் சொல்லமாட்டேன், ஆனால் நடுப்பகுதிப் புதிர் ஒன்றை உடைக்கப்போகிறேன், விளையாடும் எண்ணம் உள்ளவர்கள் மூன்றாவது பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

அலெக்ஸ் பீச்சம் தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவராக இருந்தபோது ஆய்வுப் பணியாகத் தொடங்கியது. பல ஆண்டுகள் வளர்ந்து மோபியஸ் டிஜிட்டல் நிறுவனத்தின் வழியாக 2019இல் வெளிவந்தது. மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த விளையாட்டு விருதைப் பெற்றது. மரத்தாலும் தகரத்தாலும் ஒட்டிச் செய்தது போன்ற ஒரு விண்கலத்தில் ஏறிச் சிறிய சூரியக் குடும்பம் ஒன்றைச் சுற்றுகிறோம். 22 நிமிடத்தில் சூரியன் வெடித்து எல்லாம் அழிகிறது. உடனே, அன்று காலை விறகுத் தீயின் அருகே கண் விழித்த அதே இடத்தில் மறுபடி விழிக்கிறோம். அழிந்துபோன நொமாய் என்னும் இனத்தார் சுவர்களில் எழுதிவைத்த உரையாடல்களைப் படித்து, இது ஏன் நடக்கிறது என்று அறிய வேண்டும்.

டார்க் பிராம்பிள் என்ற இடத்தில் பனிமூட்டத்துக்குள் மிகப் பெரிய தூண்டில் மீன்கள் மிதக்கின்றன. நாம் நுழைந்த உடனேயே விழுங்கிவிடும். வேறு எந்த விளையாட்டாக இருந்தாலும் இந்த இடத்தில் நமக்கு ஒரு துப்பாக்கியோ கவசமோ கிடைத்திருக்கும். இங்கே கிடைப்பது ஒரு செய்தி மட்டும். வேறொரு கிரகத்தில், நொமாய்க் குழந்தைகள் விளையாடிய ஒரு விளையாட்டின் விதிமுறை சுவரில் இருக்கிறது. அதில் மீனாக நடிக்கும் குழந்தை கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். அந்த மீன்களுக்குக் கண் தெரியாது, ஓசையை வைத்துத்தான் இரை தேடுகின்றன! அடுத்த முறை அதே பனிமூட்டத்துக்குள் போகும்போது எந்திரத்தை இயக்காமல், ஏற்கெனவே பெற்ற வேகத்திலேயே மிதந்து, வாய் திறந்து நிற்கும் மீன்களின் அருகே மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்து போனேன். என் கலத்தில் எதுவும் மாறவில்லை. மாறியது எனக்குத் தெரிந்த ஒன்று மட்டும்.

முதல் நிமிடத்திலேயே நம்மிடம் எல்லாக் கருவியும் இருக்கின்றன. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால் முதல் சுற்றிலேயே முடிவுக்குப் போய்விடலாம். அதனால்தான் இதை முடித்தவர்கள் மற்றவர்களிடம் எதையும் சொல்லாமல் விளையாடச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். முடித்த ஒருவரால் இதை மறுபடி முதல் முறையாக விளையாட முடியாது. வழிகாட்டி பார்த்தவர் அந்த முதல் முறையை விளையாடாமலேயே இழந்துவிடுகிறார்.

இசையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஆண்ட்ரூ பிராலோ அமைத்த ஒரே மெட்டை வெவ்வேறு கோள்களில் தங்கியிருக்கும் பயணிகள் ஆளுக்கொரு கருவியில் வாசிக்கிறார்கள்: ஒருவர் பாஞ்சோ, ஒருவர் புல்லாங்குழல், ஒருவர் மவுத் ஆர்கன், ஒருவர் பறை போன்ற ஒன்று, நிலவில் இருப்பவர் சீழ்க்கை அடிக்கிறார். ஒலியைப் பிடிக்கும் கருவியை வானத்தை நோக்கித் திருப்பும்போது அவை ஒவ்வொன்றாகக் கேட்கும். ஊரிலிருந்து வெகுதூரம் விலகிப் போய்த் திரும்பிப் பார்த்தால் எல்லாம் ஒரே திசையில் சேர்ந்துகொள்ள, முழுப் பாட்டும் கேட்கும். யாரும் சொல்லித் தராமல் நான் இதைக் கண்டுகொண்ட அன்று, கதையை விட்டுவிட்டு நெடுநேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அரைச்சக்கரம்

இரண்டு பதிவுகளையும் படித்ததும் இரண்டையும் விளையாட ஆசை வந்துவிட்டது. என்னிடம் இருப்பது அலுவலக வேலைக்கு வாங்கிய சாதாரண லேப்டாப். முதல் நபரின் பார்வையில் வேகமாகச் சுழலும் காட்சிகளைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். எதிலிருந்து தொடங்கலாம்?

வெள்ளிமூலை

தலை சுற்றல் உண்டென்றால் ஓப்ரா டின்னிலிருந்து தொடங்குங்கள். அதுவும் முதல் நபர் பார்வைதான் என்றாலும், நடக்கும் வேகம் குறைவு, காட்சிகள் உறைந்து நிற்கின்றன, உங்கள் லேப்டாப்புக்கும் பெரிய சுமை இல்லை. அவுட்டர் வைல்ட்ஸில் ஈர்ப்பு விசை உண்மையாகவே கணக்கிடப்படுகிறது, கலம் எந்தத் திசையிலும் உருளும்; உங்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போக வாய்ப்பு அதிகம்.

தென்மலைச்சாரல்

அறிவைக் கொண்டு திறக்கும் விளையாட்டுகளைப் பற்றி நண்பர்கள் எழுதியிருக்கிறார்கள். கைப்பழக்கத்தைக் கொண்டு திறப்பதைப் பற்றி நான் எழுதுகிறேன். முடித்தது ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி, 2017இல் வந்த முதல் விளையாட்டுக்குச் சிறு இணைப்பாகத் தொடங்கி, 2019இல் தனி விளையாட்டாக அறிவித்து, 2025 செப்டம்பர் 4 அன்று வெளியிட்டது. வெளியான வேளையில் வாங்க முயன்றவர்களின் கூட்டத்தில் விற்பனைத் தளங்களே திணறி நின்றது பலருக்கும் நினைவிருக்கும்.

நாயகி ஹார்னெட் முதல் பாகத்தின் வீரனைவிட வேகமானவள். தாவுவதும் விளிம்பைப் பற்றி ஏறுவதும் கண்ணுக்கு விருந்து. ஆனால் கீழ்நோக்கித் தாக்கும்போது நேராக இறங்காமல் சரிவாகப் பாய்கிறாள். முதல் பாகத்தில் விரல்களுக்குப் பழகிப்போன எல்லாவற்றையும் இந்த ஒரு மாற்றம் கலைத்துப் போட்டுவிடுகிறது. எதிரியின் தலைக்கு மேல் நின்று குத்துவதற்குப் பதில், இவ்வளவு தூரத்தில் நின்றால் இந்தக் கோணத்தில் இறங்குவேன் என்று கண்ணால் அளந்து பாய வேண்டும். பிறகு தாக்கும் முறையை மாற்றும் வேறு முத்திரைகள் கிடைத்ததும் நேராகக் குத்தும் வழியும் வருகிறது. நான் அதற்குள் சரிவுப் பாய்ச்சலில் தேறிவிட்டதால் கடைசி வரை மாற்றவே இல்லை.

கடினத்தைப் பற்றி நிறைய வாதம் நடந்திருக்கிறது. நம்மிடம் தொடக்கத்தில் இருப்பது ஐந்து முகமூடி உயிர். பல எதிரிகளின் ஓர் அடியே இரண்டைப் பறித்துவிடும். ஈடாக, எதிரிகளைத் தாக்கிச் சேர்க்கும் பட்டு என்ற சக்தி நிறைந்திருந்தால் ஒரே மூச்சில் மூன்று முகமூடிகளை மீட்டுக்கொள்ளலாம். வெளிவந்த சில நாள்களிலேயே மூர்விங், சிஸ்டர் ஸ்ப்ளின்டர் ஆகிய முற்பகுதி எதிரிகளின் கடுமையை நிறுவனமே சற்றுக் குறைத்தது. நான் குறை சொல்வது எதிரிகளை அல்ல. தோற்ற பிறகு திரும்பி ஓட வேண்டிய தூரத்தை. லாஸ்ட் ஜட்ஜ் என்ற எதிரியிடம் தோற்றால், மணற்காற்று அடிக்கும் படிப்பாறைகளில் பாதி தவறாமல் தாவி அவள் வாசலுக்குத் திரும்ப வேண்டும். அந்த ஓட்டம் எதையும் கற்றுத் தருவதில்லை. சண்டையில் எங்கே தவறினோம் என்ற நினைவு சூடாக இருக்கும்போதே மறுபடி அவள்முன் நிற்க விட்டிருந்தால் சண்டை இன்னும் சிறந்திருக்கும். வீழ்த்திய பிறகு அவள் வெடித்துச் சிதறும்போது அருகில் நின்றால் நாமும் இறப்போம் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

இதையெல்லாம் மீறி, சிட்டடல் என்னும் கோட்டை நகரின் வாயிலுக்குள் நுழைந்து கிறிஸ்டோஃபர் லார்கினின் இசை விரியும்போது நான் அடைந்த நிறைவு, ஏறி வந்த பாதை அவ்வளவு கடுமையாக இருந்ததால்தான் வந்தது. உதவிக்கு வருவோம். வரைபட வழிகாட்டியை நான் பார்த்தேன், மூன்றாம் அங்கத்தைத் திறக்கத் தேவையானவை எங்கே ஒளிந்திருக்கின்றன என்று தெரிந்துகொள்வதற்காக. அதில் எதையும் இழந்ததாக நினைக்கவில்லை. ஆனால் உயிர் குறையாமல் இருக்கும்படி விளையாட்டை மாற்றிக்கொண்டு முடிப்பவர்கள் அந்த வாயிலின் பொருளையே இழக்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

நந்தியாவட்டை

தென்மலைச்சாரலுக்கு மரியாதையுடன் ஒரு மறுப்பு. எனக்கு நெடுநாளாக வலது மணிக்கட்டில் வலி உண்டு. தட்டச்சு வேலைக்குப் பிறகு மீதமிருக்கும் சக்தியில்தான் கன்ட்ரோலரைப் பிடிக்கிறேன். அண்மையில் ‘செலஸ்ட்’ விளையாட்டை மலையுச்சி வரை முடித்தேன், ‘அசிஸ்ட் மோட்’ என்ற உதவி முறையை இயக்கியே முடித்தேன்.

2018இல் வந்த அந்த விளையாட்டில் மேடலின் என்ற பெண் ஒரு மலையில் ஏறுகிறாள். அவளுடைய பதற்றமும் தன்மீதான வெறுப்பும் அவளைப் போலவே உருவெடுத்து வழிமறிக்கின்றன. உதவி முறையில் விளையாட்டின் வேகத்தைப் பத்துப் பத்து விழுக்காடாகப் பாதி வரை குறைக்கலாம். சுவரைப் பற்றும் வலு தீராமல் வைத்துக்கொள்ளலாம். வேண்டுமானால் இறக்கவே முடியாதபடியும் செய்யலாம். நான் பெரும்பாலும் வேகத்தை மட்டும் சற்றுக் குறைத்தேன். என் விரல் நினைத்ததைச் செய்வதற்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் தேவை, அவ்வளவுதான். எங்கே தாவ வேண்டும், எப்போது பாய வேண்டும் என்பதை நானேதான் கண்டுபிடித்தேன், நூற்றுக்கணக்கில் விழுந்து கற்றேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எந்த உதவியையும் இயக்காதவர்களுக்கும் செலஸ்ட் மறைமுகமாக உதவிக்கொண்டேதான் இருக்கிறது. விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் பட்ட பிறகும் ஒரு கணம் வரை தாவும் பொத்தானை ஏற்றுக்கொள்கிறது. தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பொத்தானை அழுத்திவிட்டாலும் தொட்டதும் தாவ வைக்கிறது. பொத்தானைப் பிடித்தே இருந்தால் தாவலின் உச்சியில் ஈர்ப்பைப் பாதியாக்கி, எங்கே இறங்குவது என்று பார்க்க நேரம் தருகிறது. தலை ஒரு மூலையில் இடித்தால் உடலைச் சற்றே பக்கவாட்டில் நகர்த்தி வழிவிடுகிறது. இவற்றை உருவாக்கியவர்களில் ஒருவரான மேடி தோர்சனே வெளிப்படையாக விளக்கியிருக்கிறார். கைதேர்ந்தவர் என்று தம்மை நினைக்கும் ஒவ்வொருவரும் இந்தச் சலுகைகளோடுதான் உச்சியை அடைந்திருக்கிறார்கள். எனக்குக் கூடுதலாகக் கிடைத்தது அதே வகைச் சலுகையில் இன்னும் கொஞ்சம்.

கடைசி ஏற்றத்தில் 30 என்ற எண்ணிலிருந்து கொடிகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வரும். லீனா ரெய்னின் இசை ஏற ஏற, ஒரு கட்டத்தில் என் மணிக்கட்டு கெஞ்சியது. நிறுத்திவிட்டு, வெந்நீரில் கையை வைத்துவிட்டு, மறுநாள் விட்ட கொடியிலிருந்து ஏறினேன். உச்சியில் நின்றபோது அந்த முடிவு எனக்குரியதாகவே இருந்தது. அதன் பொருளை நான் இழந்தேன் என்று யாரும் சொன்னால் ஏற்க மாட்டேன்.

தென்மலைச்சாரல்

நந்தியாவட்டையின் பதிவை இருமுறை படித்தேன். வேகத்தைக் குறைத்து ஆடியது பற்றி நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். விழுந்து எழுந்து கற்றுக்கொள்ளும் பகுதி உங்களிடம் முழுமையாக இருந்திருக்கிறது. ஆனால் இறக்கவே முடியாத நிலையில் ஒரே மூச்சில் கடந்து போவது வேறு என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். அதைத் தடை செய்ய வேண்டும் என்பதில்லை. சில்க்சாங்கில் வேகக் குறைப்புக்கு ஒரு வாய்ப்புக்கூடக் கொடுக்கப்படவில்லை என்பதை இப்போது யோசித்துப் பார்க்கும்போது, அந்த வாய்ப்பு இருந்திருந்தால் என் அனுபவம் எந்த விதத்திலும் குறைந்திருக்காது என்றும் தெரிகிறது.

கருவேலன்

முடிவை முழுவதும் உடைக்கும் பதிவு இது. ‘க்ளேர் ஆப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33’ முடிக்காதவர்கள் தயவுசெய்து தாண்டிச் செல்லுங்கள்.

பிரான்சின் மாம்பெல்லியே நகரத்து சாண்ட்ஃபால் நிறுவனம் 2025 ஏப்ரலில் வெளியிட்டது. ஒவ்வோர் ஆண்டும் தொலைவில் உறங்கும் ஓவியச்சி எழுந்து ஒரு தூணில் எண் ஒன்றை எழுதுகிறாள்; அந்த வயதை எட்டியவர்கள் பூவிதழும் புகையுமாகக் கரைந்துபோகிறார்கள். எண் ஆண்டுதோறும் ஒன்று குறைகிறது. தொடக்கக் காட்சியில் கஸ்தாவ் தன் முன்னாள் காதலி சோஃபியின் கையைப் பிடித்துக்கொண்டு துறைமுகத்துக்கு நடக்கிறான். பிடித்த கை பிடித்தபடியே இருக்க அவள் இல்லாமல் போகிறாள். நான் பார்த்த தொடக்கங்களில் இதற்கு நிகரானது மிகக் குறைவு.

சண்டை ஆள் மாற்றி ஆள் அடிக்கும் பழைய முறைதான் என்றாலும், எதிரி ஓங்கும் வேளையில் சரியான நொடியில் பொத்தானை அழுத்தினால் தட்டிவிடலாம். அதில் நான் தேறவே இல்லை. கதை நிலை என்று சொல்லப்படும் எளிய கடினத்தில்தான் முடித்தேன். நந்தியாவட்டை, தென்மலைச்சாரல் இருவரின் வாதத்தையும் படித்தபோது, இந்த விளையாட்டுக்கு அந்த அளவுகோல் பொருந்துமா என்று யோசித்தேன். பொருந்தாது. ஏனென்றால் இதன் முடிவு கைத்திறனிடம் எதையும் கேட்பதில்லை. நாம் இத்தனை காலம் யாரை நேசித்தோம் என்பதைக் கேட்கிறது.

நாம் நடந்த உலகம் முழுவதும், இறந்துபோன வெர்சோ என்ற பிள்ளை ஒருகாலத்தில் தீட்டிய ஓவியத்தின் உள்ளே இருப்பது என்று பின்னர் தெரியவருகிறது. மகனை இழந்த தாய் அதற்குள் போய் வெளியே வர மறுக்கிறாள்; தந்தை அவளை மீட்க ஓவியத்தையே அழிக்க நினைக்கிறார். கடைசியில் அந்தக் குடும்பத்து மகள் மாயெல்லையும், ஓவியத்துக்குள் வாழும் வெர்சோவின் உருவத்தையும் எதிரெதிரே நிறுத்தி, யாராக நின்று சண்டையிடுவாய் என்று கேட்கிறார்கள். மாயெல்லைத் தேர்ந்தெடுத்தால் ஓவிய உலகத்து மக்கள் வாழ்கிறார்கள், அவள் தன்னை அழித்துக்கொள்கிறாள். வெர்சோவைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் குடும்பம் துக்கத்தைக் கடக்கத் தொடங்குகிறது, லூனும் சியெலும் உட்பட நம்மோடு நடந்த எல்லோரும் அழிகிறார்கள். லூன் தரையில் அமர்ந்து ஒரு சொல்கூடப் பேசாமல் வெர்சோவைப் பார்க்கும் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

நான் வெர்சோவைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் விளையாட்டின் மீது எனக்கு ஒரு வருத்தம் உண்டு. முதல் அங்கம் முழுவதும் லூமியேர் நகரத்து மக்களின் உயிருக்காக நடந்தோம்; மூன்றாம் அங்கத்தில் கதை ஒரு குடும்பத்தின் துக்கமாகச் சுருங்கிவிட, அந்த மக்களின் குரல் யாரிடமும் இல்லை. அவர்களிடம் ஒருவரும் கேட்காமலே அவர்களுடைய உலகம் இருக்கலாமா என்று முடிவெடுக்கப்படுகிறது. சியெலும் லூனும் அந்த இறுதி வாதத்தில் ஒரு பங்கு பெற்றிருந்தால் இரண்டு முடிவுகளுக்கும் இன்னும் கனம் கூடியிருக்கும்.

புன்னைநிழல்

எல்லோரும் பெரிய விளையாட்டுகளை எழுதிவிட்டீர்கள். நான் ஒரே மாலையில் முடித்ததைப் பற்றி எழுதுகிறேன்: டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’. 1988இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை. அம்மா கொடுத்த சமையல் குறிப்பேட்டின் பக்கங்கள் கிழிந்தும் கறை படிந்தும் இருக்கின்றன. விடுபட்ட வரிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும். 2024இல் அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது இதற்குக் கிடைத்தது. ஒவ்வொரு பகுதியிலும் ஒலிக்கும் பாடல்கள் அந்தந்தக் காலத்துத் தமிழ்த் திரையிசையின் சாயலில் புதிதாக அமைக்கப்பட்டவை.

மேலே ஓடும் விவாதத்தோடு இதற்கு ஒரு தொடர்பு இருக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பது இங்கே முதல் புதிர். மேல்தட்டின் குழி கீழ்த்தட்டின் குழிமேல் நேராக அமராமல், மாற்றி வைக்க வேண்டும். அப்போதுதான் ஆவி போகும், இட்லியும் நசுங்காது. மற்ற நாட்டு விளையாட்டாளர்களுக்கு இது யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்று. நான் திரையைப் பார்த்ததுமே தட்டைத் திருப்பிவிட்டேன். அவுட்டர் வைல்ட்ஸில் ஏதோ ஒரு கோளின் சுவரில் படித்து அறிய வேண்டிய அறிவு, இங்கே எனக்கு வீட்டு அடுப்படியிலிருந்தே வந்துவிட்டது. புட்டுக்கும் அப்படித்தான்.

அதனால் புதிர் எனக்குப் புதிராக இல்லாமல் போனது உண்மை. ஆனால் அங்கே வேறொன்று நடந்தது. பெரும்பகுதி வெண்பாவாக ஆடிய நாம், பிறகு கவினாக மாறுகிறோம். அம்மா இல்லாத சமையலறையில், எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை அவனுக்குத் தெரியாது என்ற நிலையில் நின்று சமைக்க நேர்ந்தபோது, என் கை வேகமாகச் செய்துவிடக்கூடாது என்று தோன்றி மெதுவாகச் செய்தேன். எந்த விளையாட்டிலும் தெரிந்ததைத் தெரியாதவனைப் போலச் செய்ய வேண்டும் என்று எனக்கு இதற்கு முன் தோன்றியதில்லை.

கதை அவசரமாக நகர்கிறது என்பதே என் குறை. பாவலனுக்கு நேர்வதெல்லாம் காட்சிகளுக்கு இடைப்பட்ட காலத்தில் நடந்து முடிந்துவிடுகின்றன. கவின் தன் வீட்டு மொழியிலிருந்து விலகிப் போகும் ஆண்டுகளை இன்னும் இரண்டு சமையல்களாவது தங்கிக் காட்டியிருக்கலாம்.

அரைச்சக்கரம்

ஓப்ரா டின் தொடங்கிவிட்டேன், தலை சுற்றவில்லை. வெள்ளிமூலைக்கு நன்றி. ஏறத்தாழக் கால்வாசிப் பேரைக் கண்டுபிடித்த பிறகு ஒரே இடத்தில் நிற்கிறேன். வழிகாட்டி பார்க்க விருப்பமில்லை, நிறுத்திவிடவும் விருப்பமில்லை. என்ன செய்வது?

கடல்நாரை

அரைச்சக்கரம், வழிகாட்டி வேண்டாம். உங்களுக்குத் தேவையான உதவி விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. புத்தகத்தில் உள்ள முகங்களில் சில மங்கலாகவும் சில தெளிவாகவும் இருப்பதைக் கவனியுங்கள். ஒருவரை அடையாளம் காணப் போதுமான செய்தி நீங்கள் பார்த்த நினைவுகளில் வந்துவிட்டால்தான் அவருடைய முகம் தெளிவாகும். முகத்தோடு இருக்கும் முக்கோணக் குறிகள் அவரைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்கின்றன. எனவே, தெளிவான முகமும் ஒற்றை முக்கோணமும் உள்ளவர்களை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த முகத்தைத் தேர்ந்தெடுத்தால் அவர் தோன்றும் நினைவுகள் எவையெவை என்று புத்தகமே குறித்துக் காட்டும். அந்த நினைவுகளுக்குள் அவர் யார் அருகில் நிற்கிறார், யாருடைய கட்டளைக்குக் கீழ்ப்படிகிறார் என்று பாருங்கள். அதிகாரிகளின் பணியாளர்கள் பெரும்பாலும் தம் அதிகாரியின் பக்கத்திலேயே இருப்பார்கள். அதிலிருந்து சிலரைப் பிடிக்கலாம்.

அவுட்டர் வைல்ட்ஸிலும் இதே ஏற்பாடு உண்டு. கலத்தில் உள்ள பதிவேடு, ஓர் இடத்தில் இன்னும் அறிய வேண்டியது மீதி இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்லும். என்ன என்பதைச் சொல்லாது. எங்கே தேடுவது என்பதைச் சொல்லிவிட்டு, எதைக் காண்பது என்பதை நம்மிடமே விட்டுவைக்கும் உதவி இது. நந்தியாவட்டை சொன்ன வேகக் குறைப்பையும் நான் இந்த வகையில்தான் சேர்ப்பேன்: கைக்கு நேரம் கொடுக்கிறது, கண்டுபிடிப்பை எடுத்துக்கொள்வதில்லை. தென்மலைச்சாரல் வரைபடத்தைப் பார்த்ததில் எதையும் இழக்கவில்லை என்று சொன்னதும் இதனால்தான் சரி என்று படுகிறது. சில்க்சாங்கில் அவருக்கு முக்கியமாக இருந்தது சண்டை, தேடல் இரண்டாம் பட்சம். தேடலுக்காகவே அதை விளையாடும் ஒருவருக்கு அந்த வரைபடம் பெரிய இழப்பாக இருக்கும்.

புன்னைநிழல் எழுதியதைப் படித்த பிறகு வெண்பாவை வாங்கிவிட்டேன். அதற்கு முன் அவுட்டர் வைல்ட்ஸின் இணைப்பான ‘எக்கோஸ் ஆஃப் தி ஐ’ ஒன்று மீதி இருக்கிறது. 2021இல் வந்த அதில் இருட்டில் பயமுறுத்தும் பகுதிகள் உண்டு என்று கேள்விப்பட்டேன். அச்சத்தைக் குறைக்கும் வசதி ஒன்றும் அமைப்புகளில் இருக்கிறது. வெள்ளிமூலை, அதை இயக்கினால் புதிர்களில் ஏதாவது மாறிவிடுமா, அல்லது துரத்துபவர்கள் மட்டும் மெதுவாகிறார்களா? புதிரைச் சொல்லாமல் அதை மட்டும் சொல்லுங்கள்.